எல்லா நிணநீர் நெறியையும் எடுக்காமல் விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு இரத்தம் பட்டது, சோதித்ததில் கர்ப்பப்பை உட்படையில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்றார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது ஒன்றிரண்டு நெறியை (நிணநீர்க் கணுவை) மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்கிறார் வைத்தியர். பெரியம்மாவுக்கு இதே நோய்க்கு எல்லா நெறியையும் எடுத்தவர்கள். அம்மாவுக்கு மட்டும் ஏன் அரைகுறையாக?
- மகள், சுன்னாகம்

பதில்: அரைகுறை இல்லை பிள்ளை. பெரியம்மாவுக்குக் கால் வீங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் இடுப்புக்குள் இருக்கிற நெறிகளை மொத்தமாக எடுத்தால் நிணநீர் மேலே ஏற வழியில்லாமல் சிலருக்குக் கால் வீக்கம் வாழ்நாள் முழுக்க நின்றுவிடும். பலன் இருந்தாலாவது பொறுக்கலாம். ஆரம்ப நிலையில் இருந்த 1400க்கு மேற்பட்ட பெண்களை வைத்து 2009இல் வந்த ஆஸ்டெக் ஆய்வில், நெறிகளை வழித்தெடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

சரி, அப்போ ஒன்றிரண்டை ஏன் எடுப்பான்? நோய் பரவியதா என்று தெரிந்தால்தான் பிறகு கதிர்ச் சிகிச்சையா, கீமோவா, ஒன்றும் வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். கர்ப்பப்பையிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேருவது காவல் நெறி, நோய் பரவினால் அநேகமாக முதலில் அங்கேதான் தெரியும். மயக்கம் கொடுத்தபின் கர்ப்பப்பைக் கழுத்தில் இண்டோசயனின் கிறீன் என்ற சாயத்தை ஊசியால் ஏற்றி, அகச்சிவப்புக் கமராவில் பார்த்தால் அந்த நெறி பச்சையாக ஒளிரும். எடுத்த நெறியை ஆய்வுகூடத்தில் வழக்கத்தைவிட நுணுக்கமாகச் சீவிப் பார்ப்பார்கள், அதனால் றிப்போட் வரக் கொஞ்சம் சுணங்கலாம்.

இந்த முறையைச் சோதித்து 2017இல் வெளியான ஃபயர்ஸ் ஆய்வில், நெறியில் நோயும் இருந்து சாயமும் பிடித்த 36 பேரில் 35 பேருக்குக் காவல் நெறியே அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அதே ஆய்வில் இரண்டு பக்கமும் சாயம் பிடித்தது பாதிப்பேருக்குத்தான். இடுப்பின் வலமும் இடமும் தனித்தனி வழி, ஒரு பக்கம் தெரிந்தது மறுபக்கத்துக்குக் கணக்காகாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எத்தனை நெறி என்று கேட்கமாட்டேன், "ஒரு பக்கம் சாயம் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் என்ன செய்வீர்கள்?" என்றுதான் கேட்பேன். அந்தப் பக்க நெறிகளை மட்டும் எடுப்பதுதான் வழமை. வீங்கிச் சந்தேகமாகத் தெரியும் நெறியைச் சாயம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம், அம்மாவுக்கு அயடீன் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தச் சாயத்தில் அயடீன் இருக்கிறது.