தலைப்பிரசவ வலி நீண்டுபோனால்

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அப்புறம் தாலுகா ஆஸ்பத்திரியிலுமாக 31 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலரை முதலில் கையில் வாங்கியது நான்தான். நீண்ட நேரம் வலியில் கிடக்கும் பிரசவம் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பேர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (செக்கானூரணி): சிஸ்டர், எனக்கு 38 வாரம், தலைப்பிரசவம். "காலையில வலி வந்தா பொழுது சாயறதுக்குள்ள பிறக்கணும், இல்லைன்னா ஆபரேஷன்தான்" என்கிறார் அப்பத்தா. எத்தனை மணி நேரம் ஆனால் நீண்ட பிரசவம்?

பதில்: முதலில் மணியை எங்கிருந்து எண்ணுவது என்று தெரிந்துகொள், தாயி. முதுகில் சுருக்கென்று பிடித்த நேரத்திலிருந்து எண்ணினால் எல்லாப் பிரசவமும் நீண்ட பிரசவம்தான். தலைச்சன் பிள்ளைக்கு ஆரம்ப வலி விட்டு விட்டு வரும், சிலருக்கு ஒரு பகல் ஓர் இரவுகூடப் போகும். இந்தக் கட்டத்துக்கு இத்தனை மணி என்று கணக்கே கிடையாது. கர்ப்பவாய் 5 செ.மீ. திறந்து, வலி நெருக்கி நெருக்கி வரத் தொடங்கிய பிறகுதான் கணக்கு ஆரம்பம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னபடி, அங்கிருந்து முழுசாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் ஆகும், அடுத்தடுத்த பிரசவத்தில் 10 மணி நேரத்துக்குள். முழுசாகத் திறந்த பிறகு பிள்ளை வெளியே வர, முதல் தடவை என்றால் 3 மணி நேரம் வரைகூட ஆகலாம்.

மணிக்கு ஒரு செ.மீ. திறந்தே ஆகவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1950-களில் வரைந்த ஒரு வரைபடத்திலிருந்து வந்த கணக்கு அது. எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது, அதை மட்டும் வைத்து அவசரப்பட வேண்டாம் என்று அதே 2018 அறிக்கையில் இருக்கிறது. அதைப் படித்தபோது, நான் அவசரப்படுத்திய எத்தனையோ முகங்கள் கண்முன் வந்தன.

நேரத்தோடு சேர்த்து நாங்கள் பார்ப்பது பிள்ளையின் இதயத்துடிப்பு, தலை கீழே இறங்குகிறதா, தாயின் நாடி, காய்ச்சல், சிறுநீர். இவை சரியாக இருந்தால் கொஞ்சம் காத்திருக்கலாம். துடிப்பு குறைந்தால் இரண்டு மணி நேரம்கூட அதிகம்தான்.

கேள்வி (மேலூர்): மனைவியை வலியோடு கூட்டிப்போனோம். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டு விரல் என்றால் ஏறக்குறைய 3 செ.மீ. தம்பி. ஆரம்பக் கட்டம். வீடு பக்கத்தில் இருந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் வீட்டில் நடமாடுவது நல்லதுதான். வீடு தூரம் என்றாலோ, இரவில் வண்டி கிடைக்காது என்றாலோ, "இங்கேயே இருக்கிறோம்" என்று கேளுங்கள்.

வீட்டில் இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால் கிளம்பிவிடுங்கள். அந்த நீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மோஷன் போயிருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ரத்தம் போவது, பிள்ளை அசைவு குறைவது, கடுமையான தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 108 வண்டி வராத காலத்தில், 2008-க்கு முன்னால், வாடகைக் காருக்குக் காசு புரட்டுவதற்குள் போன உயிர்கள் எனக்குத் தெரியும்.

கேள்வி (வாடிப்பட்டி, ஒரு மாமியார்): மருமகளுக்கு வலி வேகமாக வர விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? தண்ணீர் கொடுக்கக் கூடாது என்கிறார்களே?

பதில்: விளக்கெண்ணெய் வேண்டாம்மா. பேதியாகி உடம்பு வற்றும், வலி தாங்கவே தெம்பு இருக்காது. தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் கஞ்சி, இளநீர், மோர் எல்லாம் கொடுக்கலாம். நாக்கு வறண்டு கிடக்கிறவளை முக்கச் சொல்வது நியாயமா? இன்னொன்று, பிள்ளை வெளியே வர வயிற்றை மேலேயிருந்து அமுக்குவது எங்கே நடந்தாலும் தப்பு. ஆஸ்பத்திரியில் அமுக்கினாலும் "ஏன்?" என்று கேளுங்கள்.

கேள்வி (திருமங்கலம்): என் மகனை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தலையில் ஒரு பக்கம் வீக்கம். மூளை பாதிக்குமா?

பதில்: உறிஞ்சு கருவி வைத்த இடத்தில் கொழுக்கட்டை மாதிரி எழும்பும் மெத்தென்ற வீக்கம் ஓரிரு நாளில் வற்றிவிடும். பிறந்து சில மணி நேரம் கழித்து ஒரு பக்கமாக மட்டும் எல்லை கட்டினாற்போல வருகிற ரத்தக்கட்டு கரைய வாரங்கள், சமயத்தில் மூன்று மாதம்கூட ஆகும். இரண்டுமே மண்டை ஓட்டுக்கு வெளியே இருப்பவை, மூளைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ரத்தக்கட்டு கரையும்போது மஞ்சள் காமாலை கூடலாம், அதனால் கண்ணையும் தோலையும் பார்த்துவாருங்கள். தலையை உருவிவிட்டு வடிவம் கொண்டுவருகிறேன் என்று யாராவது எண்ணெயோடு வந்தால் தொட விடாதீர்கள். வீக்கம் தலை முழுக்கப் பரவி, பிள்ளை வெளிறி, பால் குடிக்காமல் சோர்ந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி (மதுரை, செல்லூர்): 26 மணி நேரம் வலி தாங்கிக் கடைசியில் சிசேரியன். பிள்ளை முகம் மேலே பார்த்து இருந்ததாம். "முக்கத் தெரியாதவ" என்று மாமியார் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். எட்டு மாதம் ஆகிறது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேனா?

பதில்: இல்லை, தங்கச்சி. இதற்குத்தான் நான் இன்று உட்கார்ந்ததே.

வழக்கமாகப் பிள்ளை தாயின் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டு, முகவாயை மார்பில் ஒட்டி வரும். அப்போது தலையின் குறுகிய அளவு வழியில் நுழையும். உன் பிள்ளை வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கிறது. அப்படி இருந்தால் தலையின் அகலமான பாகம் முட்டும், பின்மண்டை தாயின் முதுகெலும்பை அழுத்தும், வலி எல்லாம் இடுப்புக்குப் பின்னால் இறங்கும், நேரமும் நீளும். பெரும்பாலான பிள்ளைகள் வலியின் நடுவில் தாமாகத் திரும்பிக்கொள்ளும். சில திரும்பாது. எத்தனை பலமாக முக்கினாலும் அதைத் திருப்ப உன்னால் ஆகாது. சாவி திரும்பாத பூட்டைத் தோளால் இடித்தால் திறக்குமா?

என் தலைப்பிரசவம் 1989-இல். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். ஒரு பகல் ஓர் இரவு முழுக்க எதிர்ச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. எத்தனை திறந்திருக்கிறது, பிள்ளை எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. "மத்தவங்க எல்லாம் பெக்கலையா?" என்று மட்டும் ஒருத்தர் சொன்னார். வலி மறந்துபோனது. அந்த வார்த்தை மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவை சோதித்ததும் "இத்தனை திறந்திருக்கும்மா, பிள்ளைத் துடிப்பு நல்லா இருக்கு" என்று சொல்வதை என் வேலையில் ஒரு பாகமாக வைத்துக்கொண்டேன்.

பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பாய். இரண்டு கல் நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளையை வயிற்றோடு சுமந்து இறந்துபோனவளுக்காக நட்டது. எத்தனை பேர் உன்னை மாதிரியே பிள்ளை திரும்பாமல் போனவர்களோ! உன்னையும் உன் பிள்ளையையும் காப்பாற்றியது அந்த ஆபரேஷன்தான். இதை உன் வீட்டுக்காரரை வைத்து, மாமியார் முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்.

அடுத்த பிள்ளையும் கத்திதான் என்று இல்லை. முந்தைய கீறல் குறுக்கே கீழாகப் போட்டதாக இருந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால், முயற்சி செய்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. ஆகவே ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் கைவசம் உள்ள இடத்தில் மட்டும்.

கேள்வி (உசிலம்பட்டி): பிரசவமாகி மூன்று வாரம். சிறுநீர் நிற்காமல் கசிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: என்னிடம் சொன்னாயே, அதுவே நல்லது. இருமும்போது, தும்மும்போது மட்டும் கசிந்தால் மூத்திரப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை தளர்ந்தது, அதை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகும். ஆனால் படுத்தாலும் எழுந்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தால், பிள்ளைத் தலை நெடுநேரம் அழுத்தியதில் மூத்திரப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். நாளைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போ. ஓட்டை சிறிதாக இருந்து, சீக்கிரம் போனால், சில வாரம் குழாய் வைத்தே மூட வாய்ப்புண்டு. இல்லையென்றாலும் ஆபரேஷனில் சரிசெய்யலாம். வெட்கப்பட்டு வருடக்கணக்கில் துணி மடித்து வைத்து வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ அப்படி இருக்காதே.

கேள்வி (அலங்காநல்லூர்): மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம். கண்ணை மூடினால் லேபர் ரூம் தெரிகிறது என்று தூங்க மறுக்கிறாள். பேய்ச்சியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

பதில்: நேர்த்திக்கடன் செய்யுங்கள் அம்மா, கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் காரணமில்லாத அழுகை வரும், போகும். அதற்கு மேலும் நீடித்தால் வைத்தியம் வேண்டும். 14416-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், இலவசம். உயிரை விடுவேன் என்றோ பிள்ளை வேண்டாம் என்றோ பேசினால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள். அவள் அந்த நாளைப் பற்றிப் பேச வந்தால் "பழசை விடு" என்று வாயை அடைக்காமல், பத்துத் தடவை சொன்னாலும் கேளுங்கள்.

கேள்வி (சோழவந்தான்): அக்காவுக்குத் துணையாக லேபர் ரூமில் நான் இருக்கப்போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அவள் முதுகுப் பக்கம், இடுப்பு எலும்பின் நடுவே நன்றாக அழுத்து. வலி விட்டதும் கையை எடுத்துவிடு, ஒரு வாய் தண்ணீர் கொடு. மல்லாக்கப் படுக்கவிடாமல் பக்கவாட்டில் படுக்க வை, முடிந்தால் கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கட்டும். முகத்தைத் துடைக்க ஒரு கதர்த் துண்டு எடுத்துப் போ, அது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும்.