பதினைந்து வயதுக்கு எந்த அலமாரி?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில் நூலகம் என்றால் எனக்கு முன்னால் ஓடுவாள். இப்போது கூப்பிட்டால் "அங்க எனக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்கிறாள். எல்லாம் செல்போன் செய்கிற வேலையா?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: செல்போனை விடுங்கள், முதலில் உங்கள் மகள் சொன்னதை நம்புங்கள். எந்த ஊர்க் கிளை நூலகத்துக்குள்ளும் போய் அவள் கண்ணால் ஒரு தடவை பாருங்களேன். வாசலை ஒட்டி நாளிதழ் மேசை, அங்கே பெரியவர்கள். ஒரு மூலையில் சிறுவர் பகுதி, உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற குட்டி நாற்காலி, சுவரில் முயலும் யானையும். மீதி இருக்கிற மேசைகளில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் (அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், வீட்டில் படிக்க இடமில்லாமல்தான் பாதிப் பேர் அங்கே வருகிறார்கள்). இதில் பதினான்கு வயதுப் பிள்ளை எங்கே போய் உட்காரும்?

புத்தகங்களும் அப்படித்தான், படக்கதை முடிந்ததும் நேராகப் பெரியவர்கள் அலமாரி, நடுவில் படியே இல்லை. 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு எவ்வளவு ஆசையாக இடம் செய்திருக்கிறார்கள்! அதே அக்கறை எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கும், அதுவும் சின்ன ஊர்களில், வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. உங்கள் மகளும் அந்தக் கணக்கில் வருகிற வாசகிதான். நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, அதனால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி: நான் ஊர்ப்புற நூலகர். மாணவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும் என்கிறார்கள். இருப்பதே ஒற்றை அறை, புத்தகம் வாங்கும் அதிகாரமும் என்னிடம் இல்லை. நான் என்னதான் செய்ய?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: அறை வேண்டாம் ஐயா, ஒரே ஒரு தட்டு போதும். ஆனால் அந்தத் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற புத்தகங்களின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளை ஒரு நாள் உட்கார்ந்து புரட்டுங்கள். கடைசி முத்திரை பத்து வருஷத்துக்கு முந்தையது என்றால் அது எத்தனை நல்ல புத்தகமாக இருந்தாலும் உள்ளே போகட்டும். ஓரம் கிழிந்து, தாள் முழுக்க முத்திரை விழுந்து, மேலே இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது பாருங்கள், அதை முன்னால் வையுங்கள். துப்பறியும் கதையா, கிரிக்கெட்டா, விண்வெளியா, காமிக்ஸா, எதுவாக இருந்தால் என்ன? அப்புறம் பக்கத்துப் பள்ளியிலிருந்து நான்கைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு தட்டை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அடுக்குவது, மாற்றுவது, படித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிச் செருகுவது எல்லாம் அவர்கள் பாடு. இல்லாத புத்தகங்களுக்கு அவர்களே பட்டியல் போடட்டும், அதை வாசகர் வட்டத்திலும் புரவலர்களிடமும் கொடுங்கள். கல்யாண நாளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்கிற புரவலர் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார்.

நேரமும் ஒரு சிக்கல். பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் முடிந்து பிள்ளை வரும்போது நீங்கள் பூட்டிக்கொண்டிருப்பீர்கள். நம் நூலகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும், இது பல மாணவர்களுக்குத் தெரியவே தெரியாது. பள்ளி அறிவிப்புப் பலகையில் முதலில் இதை எழுதிப் போடச் சொல்லுங்கள். அவர்களால் வரமுடியாவிட்டால் மாதம் ஒரு நாள் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு நீங்கள் பள்ளிக்குப் போகலாம். 1931-ல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனது உங்கள் மாவட்டத்து மன்னார்குடிப் பக்கத்தில்தானே!

கேள்வி: எனக்கு 15 வயது. நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். "இதெல்லாம் உனக்கு எதுக்கு, பொது அறிவு எடு" என்று வாங்கி வைத்துவிட்டார்கள். நான் செய்தது தப்பா?
- பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: உன் மேல் ஒரு தப்பும் இல்லைம்மா, வாங்கி வைத்ததுதான் தப்பு. உன் வயதில் எனக்கும் இது நடந்தது. கையிலிருந்த நாவலைப் பிடுங்கிக்கொண்டு கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகத்தைத் திணித்தார் அப்போதிருந்த நூலகர். எல்லோர் முன்னாலும். நான்கு மாதம் அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை. பிறகு வேறொருவர் மாற்றலாகி வந்தார். அதே நாவலைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். "பிடிக்கலைன்னா பாதியில கொண்டுவந்துடு, முடிக்கணும்னு இல்ல" என்றார், அவ்வளவுதான். பாதியில் புரியாமல் திருப்பிக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம், ஆனால் மறுநாளும் போனேன்.

நீயும் இன்னொரு தடவை போ. முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய், "இவள் கேட்பதைக் கொடுங்கள்" என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொல். எந்த நாவல் என்று நீ எழுதவே இல்லையே. கையில் கிடைத்ததும் எனக்கு எழுது, பிடித்ததா இல்லையா என்றும் சேர்த்து.