முதலில் தரையைப் பாருங்கள், தம்பி

தம்பி, மார்ச் நடுவில் அயர்லாந்தின் கார்க் நகரில் தங்கையின் கல்யாண வரவேற்பு, ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்காக ஐரிஷ் நடனக் குழுவை அழைக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். மண்டபத்தில் தரை என்ன என்று முதலில் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பொங்கல் விழாவுக்கு ஒரு குழுவை அழைத்தோம். ஹால் முழுக்கக் கார்ப்பெட். வந்த ஐந்து பெண்களில் மூத்தவள், தட்டிச் சத்தம் எழுப்பும் ஹார்ட் ஷூவைப் போட்டு இரண்டு தட்டு தட்டினாள். சத்தமே இல்லை. குனிந்து கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். சத்தம் எழுப்பாத சாஃப்ட் ஷூவில் ரீல், ஸ்லிப் ஜிக் என்ற ஆட்டங்களை மட்டும் ஆடினார்கள். அழகாகத்தான் ஆடினார்கள், ஆனாலும் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. பரதத்துக்குக் காலிலேயே சலங்கை இருக்கிறது. இவர்களுக்குத் தரைதான் சலங்கை. ஹார்ட் ஷூவின் முனையிலும் குதிகாலிலும் இருக்கும் ஃபைபர்கிளாஸ் மரத்தில் பட்டால்தான் பேசும். டைல்ஸ் வழுக்கும், வெறும் கான்கிரீட் முழங்காலைப் பதம் பார்க்கும். மரத்தளம் இல்லையென்றால் ஆடுவதற்குப் பலகைத் தளம் போட்டுத் தருவார்களா என்று மண்டபத்தில் கேளுங்கள். குழுவிடமும் கேளுங்கள், சிலர் தாங்களே கொண்டுவருவார்கள்.

அடுத்தது தேதி. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். அந்த வாரத்தில் ஆடத் தெரிந்தவர் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஈஸ்டரை ஒட்டி ஐரிஷ் நடன உலகப் போட்டி வேறு வரும். அதனால் இப்போதே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை பேர், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், இசை ரெக்கார்டா நேரடியா என்பதைப் பொறுத்துத்தான் தொகை. கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், ஆட்களைக் கூட்டாமல் ஒரு ஃபிடிலும் (வயலின்தான்) ஒரு பௌரானும் (கையில் பிடித்து அடிக்கும் ஐரிஷ் மேளம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ரிவர்டான்ஸ் என்ற புகழ்பெற்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சி மாதிரி வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடிக் காட்டியது அது. நீண்ட வரிசையாக நின்று ஒரே நேரத்தில் தட்டியதால் வந்த இடி அது. நான்கு பேரிடம் அதைக் கேட்கக் கூடாது. ஆனால் சின்ன ஹாலில் நான்கு பேர் பத்தடி தூரத்தில் ஆடினால் அதிர்வு நம் நாற்காலி வரைக்கும் வரும். அதுவே போதும்.

பதினைந்து நிமிட ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் கெய்லி வைக்கச் சொல்லுங்கள். அது எல்லோரும் சேர்ந்து ஆடுவது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ‘வால்ஸ் ஆஃப் லிமரிக்’ மாதிரி எளிதானது என்றால் பட்டுப்புடவையோடு அத்தைமாரும் ஆடிவிடலாம். எங்கள் விழாவில் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், முதல் பாட்டில் சுவரோரம் நின்றவர், மூன்றாவது பாட்டில் அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்தார்.

ஒன்று மறக்காதீர்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே அவர்கள் ஷூ மாட்டித் தயாராக இருப்பார்கள், அன்றைக்கே வேறு இடத்துக்கும் ஒத்துக்கொண்டிருக்கலாம். நம் வழக்கப்படி ஏழரைக்கு ஆரம்பிப்பதானால் அந்த ஏழரையைச் சொல்லுங்கள். சாப்பாடு ஆடி முடித்த பிறகு கொடுங்கள்.

மண்டபத்தின் பெயரை அனுப்புங்கள். நான் ஒருநாள் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.