மன்னித்துவிட்டேன் என்று வாய் சொல்கிறது, மனம் ஒத்துவரவில்லை. ஒரு கிறிஸ்தவராக என்ன செய்வது?

தம்பி அவசரத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை, கேட்டதற்கு "காசுக்காக உறவை முறிக்கிறார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே சபையில் உட்காருகிறீர்கள். இதுதானே உங்கள் நிலைமை?

முதலில் ஒன்று. "பரவாயில்லை, சின்ன விஷயம்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். அது மன்னிப்பு ஆகாது.

மத்தேயு 18-ல் பேதுரு, ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று கேட்கிறார். "ஏழெழுபதுதரமட்டும்" என்று இயேசு சொன்னது எல்லோருக்கும் தெரியும். அடுத்து அவர் சொன்ன கதை எப்படித் தொடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ராஜா ஊழியக்காரரிடத்தில் கணக்குப் பார்க்க உட்காருகிறான். கடன் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அதைத் தள்ளிவிடுகிறான். அப்படி மன்னிப்புப் பெற்றவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு என்று பலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைக்கு ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். இங்கே சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியிடம் போய், நூறு நாள் சம்பளத்தை மறந்துவிடு என்று சொல்ல முடியுமா? இயேசு உங்கள் இழப்பைச் சின்னதாக்கவில்லை. ராஜா தள்ளிவிட்ட பதினாயிரம் தாலந்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி என்றால், மொத்தம் 6 கோடி நாள் கூலி!

ஆகவே நீங்களும் கணக்குப் பாருங்கள். போனது பணம் மட்டுமா? உங்கள் பெயர் கெட்டிருக்கிறது. தம்பி என்ற நம்பிக்கையும் போயிருக்கிறது. ஒன்றுவிடாமல் எழுதி, ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள். ஒரே இரவில் முடியாது.

நான் இப்படித்தான் செய்தேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்க அக்கா எட்டிப் பார்க்கவில்லை. அம்மா இறந்தபின், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே துக்கத்துக்கு வந்தவர்களிடம், எல்லாம் தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். அப்புறம் பல மாதங்கள் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன், பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான். கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்கு சுட்டபோது அக்காவுக்கும் ஒரு டின் எடுத்து வைத்தேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே டின்னை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து பிள்ளைகள் "சித்தி!" என்று ஓடி வந்தார்கள். அக்கா இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்கு இப்போது நெஞ்சு படபடப்பதில்லை. அன்பு வந்த பிறகு நல்லது செய்யலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

அடுத்தது, மன்னித்தால் மறுபடியும் கடன் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் அதற்கு முன், கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொல்லி, அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். தம்பி திரும்பக் கேட்டால் "முடியாதுப்பா" என்று தன்மையாகச் சொல்லுங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீட்டில் அடி உதை என்றால், பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போவதும் மன்னிப்புக்கு விரோதம் இல்லை.

மனம் வராதபோது நான் நினைத்துக்கொள்கிறவர் நம் ஊரில் ஆங்கிலிகன் பேராயராக இருந்த லெனர்ட் வில்சன். 1943-ல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தது. அடிக்கிறவர்களின் முகத்தில் குரூரம்தான் தெரிந்தது, மன்னியும் என்று முணுமுணுத்தபோது அதை மனதாரத்தான் சொல்கிறேனா என்று தனக்கே சந்தேகம் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு, இவர்களும் ஒரு காலத்தில் அண்ணன் தங்கைகளோடு விளையாடிய குழந்தைகள்தானே என்று தேவகிருபையால் அவர்களைப் பார்க்க முடிந்ததாம். போர் முடிந்தபின், அவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் ஆராதனை (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்தி வைத்தார். பேராயர் கற்பனையில்தான் அந்தக் குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் தம்பி குழந்தையாக இருந்ததை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள்.

சரி, இனி தம்பியிடம் பேசுங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பதுதான் மத்தேயு 18 சொல்லும் வழி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், சபை வாசலிலும் வேண்டாம். ஏதாவது ஒரு காப்பிக்கடைக்குக் கூப்பிடுங்கள். நீ சொல்லி வைத்தது எனக்கு வலித்தது என்று நேராகச் சொல்லுங்கள். பணம் உங்களுக்குத் தேவை என்றால் மாதாமாதம் கொஞ்சமாகக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டதாகத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் கூடும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் ரோமருக்கு எழுதினார். சொந்தக்காரர்கள் யாராவது துருவித் துருவிக் கேட்டால், "அவனிடம் நேரில் பேசிவிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.