கிஃப்ட் என்று எழுதினால் டூட்டி கிடையாதா?

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கையால் சுற்றும் காபி கிரைண்டர் ஒன்றை வெளிநாட்டு இணையக் கடையில் பார்த்தேன். நம் பணத்தில் விலை 6,000 ரூபாய், ஷிப்பிங் 1,500. அதே மாடல் இங்கே 11,500 ரூபாய். "20 டாலர், கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன், டூட்டி வராது" என்கிறார் கடைக்காரர். நியூஜெர்சியில் இருக்கும் என் அக்காவோ, 800 டாலர் வரைக்கும் வரியே கிடையாது என்கிறார். வாங்கலாமா? பிடித்திருந்தால் அறைக்கு ஒன்றாக இன்னும் மூன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: ஆர்டர் போடுவதற்கு முன்பே கேட்டீர்கள், ரொம்ப நல்லது. பெரும்பாலானவர்கள் பார்சல் வந்து சுங்கத்தில் நின்ற பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

முதலில் அக்கா சொன்ன 800 டாலர். அது அமெரிக்காவின் விதி, அங்கே பொருள் வரவழைப்பவர்களுக்கானது. 2016-ல் 200 டாலரிலிருந்து 800 ஆக உயர்த்தினார்கள். சீனா, ஹாங்காங் பொருட்களுக்கு 2025 மே 2-லும், மற்ற எல்லா நாடுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 29-லும் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் நம் அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. ஆக, அக்காவுக்கே இப்போது அந்தச் சலுகை இல்லை.

நம் நாட்டில், கடையில் வாங்கும் பொருளுக்கு "இவ்வளவு ரூபாய்க்குள் என்றால் வரி இல்லை" என்ற வரம்பே கிடையாது. 5,000 ரூபாய் வரை கிஃப்ட்டுக்கு விலக்கு என்று ஒன்று இருந்தது. ஊரெல்லாம் அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் வாங்கிய சாமான்களெல்லாம் கிஃப்ட் என்ற பெயரில் வர ஆரம்பித்ததும், 2019 டிசம்பர் 12-ல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ராக்கி கயிறும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, கிஃப்ட்டாக வந்தாலும் முழு வரி கட்டித்தான் எடுக்க வேண்டும்.

அதனால் கிஃப்ட் என்று எழுதுவது உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தாது. 20 டாலர் என்று குறைத்து எழுதுவதோ ஆபத்தைத்தான் உங்கள் தலையில் கட்டும். கூரியர் நிறுவனம் உங்கள் ஆதார் எண்ணையோ பான் எண்ணையோ வாங்கித்தான் பார்சலை விடுவிக்கும். பொருள் உங்கள் பெயரில்தான் இறக்குமதி ஆகிறது. 20 டாலர் என்று எழுதியிருப்பதை அதிகாரி நம்பவில்லை என்றால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி அவரே மதிப்பை நிர்ணயிக்கலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். அந்த நேரத்தில் கடைக்காரர் எங்கே இருப்பார்? இன்னொன்றையும் யோசியுங்கள். பார்சல் வழியில் தொலைந்தால் இழப்பீடு எழுதிய மதிப்புக்குத்தான். 6,000 ரூபாய்ப் பொருளுக்கு 20 டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? உண்மையான விலையோடு பில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். வரி பொருளின் விலைக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஷிப்பிங்கையும் இன்சூரன்ஸையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. உங்களுக்கு அது 7,500. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருட்களுக்கான சுங்க வரியை 2026-27 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் 750 ரூபாய். தொகை 8,250 ஆகிறது. இதன் மேல்தான் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கும் சேர்த்து வரி. 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,485. ஆக 9,735. அடுத்தது கூரியர்காரர் வரியை முன்பணமாகக் கட்டியதற்கு வாங்கும் கட்டணம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் என்றால் 590. கடைசியாக உங்கள் கிரெடிட் கார்டு. வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் வங்கி 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் (மார்க்கப்) வாங்கும், அதற்கும் ஜிஎஸ்டி. சுமார் 310 ரூபாய்.

மொத்தம் 10,635. இங்கே கிடைக்கும் விலையோடு வித்தியாசம் 865 ரூபாய்.

அந்த 865 ரூபாய்க்காக வாரண்டியை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரைக்கும் பகுதி கோணலாக வந்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கட்டிய டூட்டியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். இங்கேயே வாங்குங்கள்.

வரி சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் சின்னத் தொகைக்கு வாங்குகிறவருக்கே வலி அதிகம். சேலம் அம்மாபேட்டையில் பிளவுஸ் தைக்கும் ஒரு அம்மா, லேஸும் மணியும் வரவழைத்த பில்லை என்னிடம் கொண்டுவந்தார். பொருள் 900 ரூபாய். கூரியர் கட்டணம் மட்டும் டூட்டியைவிடப் பெரிய தொகையாக இருந்தது. பத்தாயிரத்துக்கு வாங்குகிறவருக்கும் கிட்டத்தட்ட அதே கட்டணம்தான். இது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்ற வரி வேண்டும் என்பதை ஏற்கிறேன். வெளியிலிருந்து மலிவுச் சரக்கு வரியில்லாமல் கொட்டினால் இளம்பிள்ளைத் தறிக்காரர்தான் முதலில் அடிபடுவார். அதற்காக 900 ரூபாய் பார்சலுக்கும் பெரிய சரக்குக்குப் போல நடைமுறைச் செலவை ஏற்றுவதில் யாருக்கும் லாபமில்லை. அந்த அம்மாவிடம், தோழிகளோடு சேர்ந்து நான்கு மாதத்துக்கு ஒரு ஆர்டராகப் போடச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. நாலு பேருக்கான சரக்கு ஒருவர் பெயரில் வந்தால் சொந்த உபயோகம் என்று சொல்ல முடியாது. லீ பஜார் பக்கம் மொத்தக் கடைகளில் விசாரிக்கச் சொன்னேன்.

உங்கள் மூன்று கிரைண்டர் விஷயமும் இதே கதைதான். ஒன்றை வாங்கி வீட்டில் நீங்கள் காபி போட்டுக் குடித்தால் சொந்த உபயோகம். விருந்தினர் அறைகளில் வைத்தால் அது வியாபாரம். அந்தப் பொருளுக்கு உரிய தனி வரி விகிதம் வரும், இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் (ஐஇசி) வேண்டும். அதை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். மூன்று கிரைண்டருக்காக அந்த வேலை தேவையில்லை. தோட்டத்துக் காபியைப் பின்னால் வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள், ஏற்றுமதிக்கும் அதே எண்தான்.

அப்புறம், நீங்கள் ஆர்டர் போடாவிட்டாலும் ஒரு நாள் போன் வரலாம்: "உங்கள் பார்சல் சுங்கத்தில் பிடிபட்டிருக்கிறது, இந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்." சுங்க வரியை எந்த அதிகாரியும் தன் சொந்த யுபிஐ-க்கு வாங்க மாட்டார். துறை அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.