பால்புட்டியும் பாற்பற்களும்

கேள்வி: என் மூன்று வயது மகள் சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் குடித்தபடியே உறங்குகிறாள். மேல் முன்பற்களில் பழுப்புக் கறை தெரிகிறது. விழப்போகும் பற்கள்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துவிடும். உறக்கத்திலோ உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரப்பதால், வாயில் தேங்கும் இனிப்புப் பால் மேல் முன்பற்களை முதலில் அரிக்கிறது, கீழ் முன்பற்களை நாக்கு ஓரளவு காத்துவிடுகிறது. அடுத்துப் பாதிக்கப்படக்கூடிய கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயதுவரை நிலைத்து, நிரந்தரப் பற்களுக்கு இடம் காக்க வேண்டியவை. சர்க்கரையின் அளவைப் போலவே, அது எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதும் எனக்குப் பெருங்கவலை. பாலைச் சர்க்கரையின்றி டம்ளரில், இரவில் பல் துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கறையை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.