விரிசல் வேறு, முறிவு வேறா?

கேள்வி: என் 9 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்கையில் அடிபட்டான். எக்ஸ்ரே எடுத்து, ‘கிரீன்ஸ்டிக் ஃபிராக்சர்’ என்று மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். “வெறும் விரிசல்தானே, இதற்கு எதற்குக் கட்டு?” என்கிறார்கள் உறவினர்கள். விரிசலும் முறிவும் வேறு வேறா?

பதில்: இல்லை. எக்ஸ்ரேயில் தெரியும் விரிசல் கோடு தலைமுடி அளவுக்கு இருந்தாலும் சரி, எலும்பு சில்லுசில்லாக நொறுங்கியிருந்தாலும் சரி, மருத்துவர்களான எங்களுக்கு எல்லாமே முறிவுதான். ‘விரிசல்தானே’ என்று சொல்லிச் சொல்லியே கட்டைச் சீக்கிரம் பிரித்துவிட்டு, கை கோணலான பிறகு வருகிறவர்கள் உண்டு.

‘கிரீன்ஸ்டிக்’ என்றால் பச்சைக் குச்சி. அப்படி ஒன்றை ஒடித்துப் பாருங்கள். காய்ந்த சுள்ளி மாதிரி படக்கென்று இரண்டாகாது. வளைந்து, ஒரு பக்கம் நார்நாராகப் பிளக்கும். மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். சிறுவர்களின் எலும்பு வளைந்து கொடுக்கும். அதன் மேலுள்ள உறையும் தடிமனானது. அதனால்தான் இந்த வகை பெரும்பாலும் சிறுவர்களுக்கு வருகிறது. பெரியவர்களைவிடச் சீக்கிரம் கூடியும் விடும். ஆனால் ஒட்டியிருக்கும் பக்கம் இழுப்பதால், கட்டுக்குள்ளேயே எலும்பு மெல்ல வளையக்கூடும். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி எக்ஸ்ரேக்கு வரச் சொன்னால் தவறாமல் போங்கள். கட்டைப் பிரித்த பிறகும் அதே இடம் மீண்டும் முறியலாம். மருத்துவர் சொல்லும்வரை சைக்கிள் வேண்டாம்.

முறிவின் பெயரைவிட நாங்கள் முதலில் பார்ப்பது வேறு. தோல் கிழிந்து எலும்பு வரை காயம் இருக்கிறதா? இருந்தால் அது அவசர சிகிச்சை. கிருமி உள்ளே போய்விடும். அப்புறம், துண்டுகள் விலகியிருக்கின்றனவா, கோடு மூட்டுக்குள்ளோ, சிறுவர்களுக்கு எலும்பு நீளும் வளர்தட்டுக்குள்ளோ போகிறதா என்று பார்ப்போம். அங்கே கோடு சிறியது என்பதற்காக விட்டுவிட முடியாது.

எக்ஸ்ரேயும் சில நேரம் ஏமாற்றும். கை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி இருக்கும், முதல் படத்தில் ஒன்றும் தெரியாது. 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் கோடு தெரியும். அதிகம் ஓடுபவர்களுக்கு அடியே படாமல் காலில் வரும் அழுத்த முறிவும் இப்படித்தான். வயதானவர்களுக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய் இருந்தால், குனிந்து எதையாவது தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கிவிடலாம். அதை வெறும் முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். விரல்கள் வெளுத்தாலோ நீலமானாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ கட்டு இறுக்குகிறது என்று பொருள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டு நனையக் கூடாது. இன்னொன்று, உள்ளே அரிக்கிறது என்று ஸ்கேலை விட்டுச் சொறிவான். பிடுங்கி வைத்துவிடுங்கள்.